பச்சைத் தீ எரிந்த அடுப்பு

"இவங்களுக்கு எத்தனை வருஷமா பீடி, சிகரெட் பழக்கம்?"

தேனியில் ஒரு நெஞ்சு மருத்துவர் என் மனைவியைக் காட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். "யாரப் பாத்து என்ன கேக்குறீக? அவ வெத்தலகூடப் போட மாட்டா" என்று நான் போட்ட சத்தத்தில், வெளியே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இழுத்த இழுப்பில் அவளுக்கே இருமல் வந்துவிட்டது.

மருத்துவர் கோபப்படவில்லை. ஒரு சின்னக் குழாயை அவளிடம் கொடுத்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரே ஊதாக ஊதச் சொன்னார். குழாயின் பக்கத்தில் கோடுகள் போட்டிருந்தன. ஊதுகிற வேகத்துக்கு ஒரு முள் நகர்ந்து நிற்கும். அவள் முகம் சிவக்க ஊதினாள். முள் பாதிக் குழாயைக்கூடத் தாண்டவில்லை. பிறகு வாய் வைக்கும் பகுதியை மாற்றி என்னையும் ஊதச் சொன்னார். வாலிபத்தில் பத்து வருஷம் பீடி குடித்தவன் நான். என் முள் கடைசிக் கோடு பக்கம் போய் நின்றது.

"எதுலம்மா சமைக்கிறீங்க?"

"வெறகடுப்புதான் சார். டீ போட மட்டும் கேஸு."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணமாகி வந்ததுலருந்து. இருபத்தேழு வருசம்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். போன மூச்சு போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பாருங்கள் என்றார். இந்தப் புகையையே இன்னும் குடித்துக்கொண்டிருந்தால் மாடிப்படி ஏற முடியாது, அப்புறம் வீட்டில் சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டியிருக்கும், சமைக்க இல்லை, மூச்சு விட, என்றார். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி ஊதிக் காட்டச் சொன்னார்.

எங்களுக்கு ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். கொடி வெட்டிவிடும் கவாத்துக்கு ஆள் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் மனைவி கிண்டும் கேப்பைக் களிக்காகவே மற்ற தோட்டங்களைத் தள்ளிப் போட்டுவிட்டு எங்களிடம் முதலில் வருகிற ஆட்கள் உண்டு. அந்தக் களிப் பானை கேஸ் அடுப்பில் நிற்காது. துடுப்பைப் போட்டு இரண்டு கையாலும் கிண்டினால் அடுப்பே மேடையில் நடந்து போகும். அதனால் விறகு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுப்படியில் இருந்து சாப்பாடு வெளியே வரும், தட்டு உள்ளே போகும். நடுவில் அங்கே என்ன நடக்கிறது என்று இருபத்தேழு வருஷத்தில் நான் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் களிக்கு உலை வைக்கும்போது உள்ளே போய் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். "என்ன, புதுசா?" என்றாள். புகை முதலில் மேலே போனது. வீட்டை ஒட்டி இறக்கிய அடுப்படியின் கூரைத் தகரத்தில் முட்டியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி என் மூஞ்சிக்கு வந்தது. கண்ணில் மிளகாய்த் தூள் விழுந்த மாதிரி எரிச்சல். உலை கொதிக்கும் முன்பே நான் வாசலுக்கு ஓடி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு இருமினேன். உள்ளே அவள் பாட்டுக்கு ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அட பாவி மனுசா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அடுப்பு மாற்றுவது என்று அன்றைக்கே முடிவு. நான் ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டேன். போர்வெல் மோட்டார் வாங்கும்போது எத்தனை கடை ஏறினேனோ அத்தனை கடை ஏறினேன். தேனியில் ஒரு கடையில் மின்விசிறி வைத்த அடுப்பைக் காட்டினார்கள். சார்ஜ் போட்டால் விசிறி ஓடும், புகை வராது, நன்றாகத்தான் இருந்தது. சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, சார்ஜ் போட வேண்டும் என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் கரண்ட் இருக்கிற லட்சணத்துக்கு இது ஆகாது. இன்னொரு கடையில் பளபளவென்று ஒரு தகர அடுப்பு. ஒரு கையால் தூக்கலாம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன களிப் பானையை அதன் மேல் வைத்து, துடுப்பைப் போட்டு, கடை நடுவிலேயே நின்று கிண்டிப் பார்த்தேன். அடுப்பு சாய்ந்து பானை உருண்டு ஓடியது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், களி கிண்டுகிறவளுக்குத்தானே தெரியும்.

கடைசியில் அமைந்தது சின்னமனூரில். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்து அடுப்பும் செய்துகொண்டிருந்தார். கனத்த இரும்பு, இரட்டைச் சுவர். கீழே ஒரு வரிசை ஓட்டை, மேலே ஒரு வரிசை ஓட்டை. பின்பக்கம் புகைபோக்கிக் குழாய் கூரைக்கு மேலே போகும். மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். அவளே பானையை ஏற்றி, தோள் வலிக்கக் கிண்டிப் பார்த்தாள். அடுப்பு அசையவில்லை. "இது நிக்கும்" என்றாள்.

பட்டறைக்காரர் பொறுமையாக விளக்கினார். "கீழ் ஓட்டையில போற காத்துல வெறகு எரியும்ணே. மேல் ஓட்டையில சூடாகி வர்ற காத்துல பொகையே எரிஞ்சிரும். கேஸு மாதிரி. பொகைன்னு நாம விடுறதெல்லாம் எரியாத வெறகுதான்." பிறகு நடைமுறை சொன்னார். விறகை இரண்டு விரல் தண்டிக்குப் பிளந்து போட வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் ஈரம். வாயை அடைத்துத் திணிக்கக் கூடாது. மேல் ஓட்டைகளில் சாம்பல் அடையக் கூடாது. குழாயை வாரம் ஒருமுறை தட்டிக் கரி எடுக்க வேண்டும். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். "அப்பறம் கண்டதையும் போட்டு எரிக்காதீக. பெயிண்டு அடிச்ச சட்டம், பிளைவுட்டு, மருந்து ஏறுன மரம், எதுவும் ஆகாது."

"எங்க வீட்ல பிளைவுட்டு எங்கனய்யா இருக்கு? போய்யா" என்றேன். இந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தை மாதம் அடுப்பு வந்து இறங்கியது. செங்கல் வைத்துப் பதித்தோம். முதல் நாள் புளிய விறகு போட்டுப் பற்ற வைத்தபோது நான் வாசலுக்குப் போய்க் குழாயைப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பதறி உள்ளே ஓடினால், உள்ளே தீ திகுதிகுவென்று எரிகிறது! பானையின் அடியில் கரி இல்லை. கூரைத் தகரத்துக்குப் புகை போகவில்லை. அவள் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாசி முடிவதற்குள் இருமல் பாதியாகக் குறைந்தது. படுத்தால் தலையணை இரண்டு வேண்டியவளுக்கு ஒன்று போதும் என்றானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் அடுப்புப் பேச்சுத்தான். வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்து காட்டுவேன். பராமரிப்பும் முழுக்க என் கையில் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூரை மேல் ஏறி, கம்பி நுனியில் தேங்காய் நாரைக் கட்டிக் குழாயைக் குடைவேன். ஊசியை எடுத்துக்கொண்டு மேல் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்வேன். "கலியாணத்தன்னிக்குக்கூட என்னை இப்பிடிப் பாக்கல நீங்க" என்று கேலி பண்ணுவாள்.

சித்திரையில் கவாத்து முடிந்தது. வெட்டிப் போட்ட திராட்சைக் கொடி தோட்ட ஓரத்தில் மலைபோலக் குவிந்தது. வழக்கமாகத் தோட்டத்திலேயே கொளுத்திவிடுவோம். இந்த வருஷம் அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. விரல் தண்டி, வெயிலில் சுக்காகக் காய்ந்து, தட்டினால் டங்கென்று சத்தம். பட்டறைக்காரர் கேட்ட விறகு இதுதானே! பிளக்கிற வேலைகூட இல்லை. கட்டுக் கட்டாகக் கட்டி வீட்டுப் பின்பக்கம் அடுக்கினேன்.

வைகாசிக் கடைசியில் முதல் கட்டை அவிழ்த்து அடுப்பில் வைத்தேன். பற்றியது. சிவப்பாக எரிந்த தீ, நுனியில் பச்சையாக மாறியது. பச்சைக்குள் கொஞ்சம் நீலம். நான் கத்தியே விட்டேன். "ஏ புள்ள! இங்கன வந்து பாரு, கேஸு மாதிரியே எரியுது!" பட்டறைக்காரர் சொன்னாரே, புகையே கேஸ் மாதிரி எரியும் என்று. கேஸ் தீ நீலம்தானே? அதனால் விறகு நன்றாக எரிந்தால் இந்த நிறம் வரும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். தோட்டம் வைத்திருக்கிறவர்களை வரிசையாகக் கூட்டி வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "யாத்தே, என்ன நெறம்ணே இது!" என்று வாயைப் பிளந்தார். அவரும் தன் கொடியைக் கொளுத்தாமல் எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஆட்கள் வரும்போதெல்லாம் என் மனைவி முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். வெளி ஆட்கள் முன்னால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் இருமல் திரும்பி வந்தது. நான் காற்றைத் திட்டினேன். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி ஆடிக் காற்று ஆளைத் தள்ளும், குழாய் வழியாகக்கூட எதிர்த்து இறங்கும். குழாயின் தலையில் பெரிய மூடி வாங்கிப் போட்டேன். பிறகு பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள் என்று அவளைத் திட்டினேன். "ஏங்க, இந்தக் கொடி எரிஞ்சா ஒரு மாதிரி வாட வருதுங்க" என்று ஒரு நாள் சொன்னாள். "வெறகுன்னா வாட வராம மல்லியப்பூவா மணக்கும்?" என்று எரிந்து விழுந்தேன். அதற்கு மேல் அவள் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயைக் கழற்றியபோது உள்ளே கரியோடு சேர்ந்து பச்சையாக ஏதோ பூத்திருந்தது. அடுப்பின் உள்சுவரும் அங்கங்கே பொத்தலாக அரித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு மாதம்கூட ஆகவில்லை! குழாய்த் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். சின்னமனூர் பட்டறையில் போய் அதை மேஜை மேல் டமாரென்று வைத்தேன்.

"என்னய்யா இரும்பு போட்ட? பச்ச பூக்குது? ஊரெல்லாம் ஒன் அடுப்பப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டுத் திரியிறேன், நீ என்னைய ஏமாத்திட்டியே!"

அவர் திருப்பிச் சத்தம் போடவில்லை. ஸ்க்ரூடிரைவரால் பச்சையைச் சுரண்டி ஒரு தகரத்தில் தட்டி, அதைக் கேஸ் வெல்டிங் தீயில் காட்டினார். தீ பச்சையாக எழுந்தது. என் வீட்டு அடுப்பில் எரிந்த அதே பச்சை.

"என்னண்ணே எரிச்சீக?"

"திராட்சக் கொடிதான். நல்லாக் காஞ்சது."

"மருந்தடிச்ச கொடியா?"

"மருந்தடிக்காம திராட்ச எங்கனய்யா வெளையுது?" என்று எகிறினேன். "மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து எத்தன தடவ அடிச்சிருப்பேன். அது போக எட்டுப் பத்து மருந்து. கொடியே நீலம் பாஞ்சு கெடக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"மயில்துத்தத்துல செம்பு இருக்குண்ணே. செம்புக் கம்பிய எரிச்சா இப்பிடித்தான் பச்சையா எரியும், பட்டறையில பாத்துருக்கேன். அடுப்பு நல்லா எரியிறதால வந்த நெறம் இல்ல இது. மருந்து எரியிற நெறம்." பிறகு கேட்டார். "தோட்டத்துல மருந்தடிக்கும்போது மூஞ்சில என்ன கட்டுவீக?"

"துண்டு. அதுக்கு மேல மாஸ்க்கு."

"மதினி அடுப்படியில என்ன கட்டிருந்தாக?"

பட்டறையில் கிரைண்டர் ஓடிய சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் ஒரு ஸ்டூலை என் பின்னால் நகர்த்திப் போட்டார், உட்கார்ந்தேன். சாம்பலை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதைப் போட்டுத்தான் பாத்திரம் துலக்கினோம் என்றேன். தோட்டத்தில் நாலு மணி நேரம் அடிக்கிற மருந்துக்குப் பயந்து துண்டும் மாஸ்க்கும் கட்டுகிற நான், அதே மருந்து குடித்த கொடியைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து, அவள் மூச்சு விடுகிற இடத்தில் இரண்டு மாதம் எரித்திருக்கிறேன். அதுவும் எப்படி? ஆள் கூட்டி வந்து காட்டி!

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. வந்த வேகத்தில் அடுப்படிக்குள் போய் எரிகிற கொடியை இழுத்து வெளியே போட்டேன். தண்ணீரை ஊற்றினேன். பின்பக்கம் அடுக்கியிருந்த கட்டுகளையெல்லாம் தரதரவென்று இழுத்துத் தெருவோரம் தள்ளினேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு அடுத்த அடி.

"தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மருந்தடிச்சிட்டு வர்ற அன்னிக்கு ஒங்க சட்ட ஒரு நாத்தம் நாறுமே. நாந்தானே தொவைக்கிறேன். அதே வாடதான் அடுப்புலயும் வந்துச்சு."

"ஏன்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அந்த நேரத்திலும் கத்தினேன். கத்துகிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சொன்னேன். மல்லியப்பூவான்னு கேட்டீக." "தெனமும் ஆளக் கூட்டியாந்து காட்டுனீக. இத்தன வருசத்துல எனக்குன்னு நீங்க அலைஞ்சு திரிஞ்சு வாங்கியாந்தது இந்த அடுப்பு ஒண்ணுதான். அவுக முன்னால அதப் போயி எப்பிடிக் கொற சொல்ல? அதான் முந்தானையக் கட்டிக்கிட்டேன்."

அந்த முந்தானை. அவள் வாயை மூடி நின்றதை நான் எத்தனை முறை பார்த்தேன்! கண்ணெதிரே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவளைப் பார்த்து, என்ன அடக்கமான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டவன் நான். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஓடிப்போய், எடுத்து வைத்த கொடியை எரிக்க வேண்டாம் என்று சொன்னேன். வந்து பார்த்த மற்றவர்கள் வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். பெருமை பேசிய வாயாலேயே ஒவ்வொரு வாசலிலும் நின்று இதைச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பின் உள்சுவரை மாற்றிக் கொடுத்தார்.

ஆறு மாதத் தவணைக்கு மருத்துவரிடம் போனோம். அதே குழாயைக் கொடுத்தார். அவள் இழுத்து ஊதினாள். முள் முதல் தடவை நின்ற இடத்துக்கு இரண்டு கோடு கீழேயே நின்றுவிட்டது. மூன்று முறை ஊதச் சொன்னார். மூன்று முறையும் அங்கேதான் நின்றது.

"அடுப்பை மாத்தினீங்களா, இல்லையா?" என்று அவளைக் கேட்டார்.

"மாத்திட்டாக சார். நல்ல அடுப்பு" என்றாள். "நான் இன்னிக்கிச் சரியா ஊதல. அடுத்த தடவ ஊதிருவேன்."

அங்கேயும் என்னை விட்டுக் கொடுக்கவில்லை அவள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அவ சொல்றத எழுதாதீக சார்" என்று சொல்லிவிட்டு, கொடிக்கு நான் மருந்து அடித்ததையும் அதை நானே எரித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுதினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது புளிய விறகும் வேப்ப விறகும் மட்டும்தான். ஒவ்வொரு கட்டையையும் நான் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் குழாய் வேலை நிற்கவில்லை. மாடிக்கு ஏறும்போது அவள் பாதியில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் ஏறுகிறாள். அந்த இரண்டு கோடு திரும்பி வருமா என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுப்படிக்குள் நுழைந்ததும் அவள் முந்தானை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். அது இடுப்பில் செருகியிருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.